பின்பக்கம் பார்க்கவும்

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேஜைக்கடியில் தள்ளிவிடாதே. சண்டையைத் தொடர எழுதவில்லை. உன் பெரிய பெண்ணின் பிறந்தநாளன்று அத்தனை பேர் முன்னால் நீ என்னைப் பார்த்து, "எங்கண்ணன் சம்பளத்துல உக்காந்து சாப்பிடுறவங்க"ன்னு சொன்னதும், நான் சாப்பிடாமலே எழுந்து வந்ததும் அப்படியே இருக்கட்டும். அதன்பிறகு என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால்தான் இந்தக் காகிதம்.

விஷயம் உன் அம்மாவைப் பற்றியது. மாமியார் ஒரு மாதமாகக் கதவு நிலையில் இடித்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று நான்தான் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிகிறது. மூன்று மாதத்துக்குள் அறுவை செய்தால் இருக்கிற பார்வை நிற்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு என் ஜெராக்ஸ் கடை மாதிரி மூன்று கடைகளை விற்க வேண்டும். இருப்பது ஒன்று. அரசு ஆஸ்பத்திரியில் அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். உன் அண்ணன் எல்லையில் பனிக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சார்ந்தோர் அட்டை எதற்கு இருக்கிறது? பெற்றவளுக்கு ராணுவ மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கத்தானே? அதற்கான அனுமதி உங்கள் பரிந்துரைப் பிரிவு வழியாகத்தான் போக வேண்டுமாம். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நீ. விண்ணப்பம், டாக்டர் சீட்டின் நகல், அட்டையின் நகல் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்றவளுடைய கண். நான் கெஞ்ச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணி

*

ஜனவரி 20

அண்ணி அவர்களுக்கு,

விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, கீழ்க்கண்ட குறைகளுக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது.

நோயாளியின் புகைப்படத்தில் காதுகள் தெரியவில்லை. பதினேழாவது கட்டம் காலியாக விடப்பட்டுள்ளது. பொருந்தாத கட்டத்தைக் குறுக்குக்கோடு போட்டு அடிக்க வேண்டும். டாக்டர் சீட்டின் நகல் ஏற்கப்படாது, அசல் தேவை. அண்ணனின் கையெழுத்து, பதினான்கு வருடம் முன்பு அவர் பணியில் சேர்ந்தபோது போட்ட மாதிரிக் கையெழுத்துடன் பொருந்தவில்லை. எல்லாம் மூன்று பிரதி.

அம்மாவின் உடல்நிலை பற்றி வருத்தம். ஆனால் சொந்தக்காரர் என்பதற்காக விதியைத் தளர்த்தினால் என் வேலைக்கு ஆபத்து. அலுவலக எண்ணுக்கு போன் செய்ய வேண்டாம். பிரிவுத் தலைவர் எல்லா அழைப்பையும் எல்லோருக்கும் கேட்கும்படி வைக்கிறார்.

அம்மாவிடம் சொட்டு மருந்தை ஒழுங்காக விடச் சொல்லுங்கள்.

*

ஜனவரி 31

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை முதலில் மறுபுறம் படித்துவிட்டேன். பின்பக்கத்தில் யாரோ ஒரு சிப்பாய் மனைவியின் பிரசவ விண்ணப்பம், சிவப்பு மையில் அடித்தது. கழித்துப்போட்ட படிவத்தின் முதுகில் கடிதம் எழுதும் பழக்கம் உனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. புதுக் காகிதம் எடுத்தால் கை சுட்டுவிடுமா என்று உன் அண்ணன் கேலி செய்வார். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததா இல்லையா என்று ரெண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிற காகிதத்தை நான் ஒருநாளும் படிப்பதில்லை. யாருடைய சொத்துப் பத்திரம், யாருடைய விவாகரத்து என்று எனக்கு எதற்கு? அது என் தொழில் தர்மம். வீட்டுக்கு வருகிற கடிதத்தைப் படிக்காமல் இருக்க முடியுமா?

காது தெரியும்படி மாமியாருக்குப் புதுப் படம் எடுத்தேன். "என் காதுல என்னடி வியாதி?"ன்னு கேட்டார். பதினேழாம் கட்டத்தில் கோடு போட்டாயிற்று. கையெழுத்து பொருந்தாமல் போனது உன் அண்ணன் கையுறையோடு போட்டதால். அங்கே கையுறையைக் கழற்றினால் விரல் இருக்காது என்று உன் விதிப் புத்தகத்தில் எழுதியிருக்காது. அசல் சீட்டை மட்டும் தர மாட்டேன். ஒவ்வொரு தடவையும் கண் டாக்டர் அதைத்தான் கேட்கிறார். அறுவைக்கு வரும்போது என் கையாலேயே கொண்டுவருகிறேன்.

இதையெல்லாம் நேரில் கொடுக்கலாம் என்றுதான் வெள்ளிக்கிழமை பத்து மணி நேர ரயிலில் வந்தேன். டோக்கன் நூற்று நாற்பத்து மூன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ. என்னைப் பார்த்தாய். நான் சிரித்தேன், வெட்கங்கெட்டு. "டோக்கன் நம்பர் சொல்லுங்க"ன்னு சொன்னாய். சொன்னேன். "அடுத்து"ன்னு சொல்லிவிட்டு, சாப்பாட்டு இடைவேளை என்ற பலகையைத் திருப்பி வைத்தாய். மணி பன்னிரண்டு நாற்பது. பக்கத்தில் ஒரு அம்மா மகனின் காலைப் பற்றி அழுதுகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் இருந்த ரொட்டியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். இடைவேளை முடிந்து ஜன்னல் திறந்தபோது உன் நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். "அந்த பைல் அவங்க பொறுப்பு, அவங்க லீவு போட்டுட்டாங்க" என்றார்.

ஏன் ஓடினாய்?

அண்ணி

*

பிப்ரவரி 14

அண்ணி,

ஓடவில்லை. தலைவலி.

விண்ணப்பம் மீண்டும் திருப்பி அனுப்பப்படுகிறது. புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், நீலமாக இருக்கிறது. கோடு நீல மையில் போடப்பட்டுள்ளது, கறுப்பு மை தேவை. கையுறை பற்றி அண்ணனின் மேலதிகாரியிடமிருந்து ஒரு சான்று வேண்டும். நோயாளி விண்ணப்பத் தேதியில் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றும் இணைக்க வேண்டும்.

நீங்கள் மேலே யாருக்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் பைல் எல்லோர் மேஜைக்கும் போய்ச் சிக்கலாகிவிடும். அவசரப்பட்டால் எதுவும் நடக்காது. எனக்கு விட்டுவிடுங்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. இந்த வயதில் கத்தி வைப்பதே நல்லதா என்று யோசித்தீர்களா?

*

பிப்ரவரி 19

நாத்தனாருக்கு,

உன் அம்மா உயிரோடு இருக்கிறார். இப்போதுதான் பால் டம்ளரைத் தட்டிவிட்டு, அது எங்கே உருண்டது என்று தரையைத் தடவிக்கொண்டிருக்கிறார். சான்று வேண்டுமானால் அந்தப் பாலைத் துடைத்த துணியை அனுப்புகிறேன்.

உன் கடிதத்தை எப்போதும்போல மெஷினில் வைத்து ரெண்டு பக்கமும் நகல் எடுத்தேன். அது கைப்பழக்கம். பின்பக்கம் வெளியே வந்தபோது ஏதோ சிப்பாய் வீட்டுக் காகிதம் என்றுதான் எடுத்தேன். உன் பெயர் இருந்தது.

ஊழியர் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு கேட்டு விண்ணப்பம். மூன்று வருடம் முந்தைய தேதி. பிறந்த தேதியில் அடித்துத் திருத்தியதால் கழித்துவிட்டு வேறு எழுதியிருக்கிறாய், சரிதானே? வீட்டில் ஐந்து பேர். நீ, உன் கணவர், ரெண்டு பெண்கள். ஐந்தாவது, தாயார், விண்ணப்பதாரருடன் நிரந்தரமாக வசிப்பவர். அதற்குக் கீழே, மகனின் சார்ந்தோர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கி மகளின் பட்டியலில் சேர்க்கச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி. கையெழுத்துக்கான இடம் காலி. நல்ல பிரதியில் அதையும் நீயே போட்டிருப்பாய்.

உன் அம்மா உன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. அவருக்குத் தலை வாரி, நகம் வெட்டி, மூன்று வேளையும் சோறு போடுகிறவள் நான். உனக்குப் பெண்களுக்கு ஒரு அறை வேண்டியிருந்தது. நாலு பேர் இருந்தால் ஒரு அறை, ஐந்து பேர் இருந்தால் ரெண்டு. எண்ணிக்கைக்கு ஒரு தலை தேவைப்பட்டது.

என் கையில் இருக்கிற அட்டை செத்த அட்டை. அதில் மாமியார் படம் இருக்கிறது, பதிவேட்டில் பெயர் இல்லை. விண்ணப்பம் உன் ஜன்னலைத் தாண்டினால் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் காது, கறுப்பு மை, கையுறை. முதல் நாளே தெரிந்திருந்தும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வைத்தாய்.

உன் அட்டையிலாவது வைத்தியம் பார்க்க முடியுமா? அதையாவது சொல்.

*

பிப்ரவரி 26

அண்ணி,

இதைப் புதுக் காகிதத்தில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

என் அட்டையில் முடியாது. நான் ராணுவ ஆள் இல்லை, அலுவலக ஊழியர். எங்களைச் சார்ந்தவர்களுக்கு வெளிநோயாளிச் சீட்டும் மாத்திரையும்தான், அறுவை கிடையாது. அன்றைக்கு அது தோன்றவில்லை. அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். நாலு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்தோம். பெரியவள் உடை மாற்ற குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். நீங்கள் அதைப் பார்த்ததில்லை.

பெயரை அண்ணன் அட்டைக்கு மாற்ற, அம்மா என்னோடு இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரியோடு வீடு போகும். எப்போதிலிருந்து இல்லை என்று கேட்பார்கள். கண் டாக்டர் சீட்டில் உங்கள் ஊர் முகவரி. பொய்யான உறுதிமொழி கொடுத்த ஊழியருக்கு என்ன நடக்கும் என்று நானே எத்தனையோ பேருக்கு டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பெரியவளுக்கு மே மாதம் இறுதித் தேர்வு. ஜூன் வரை பொறுங்கள். அம்மாவிடம் கேளுங்கள், அவரும் இதைத்தான் சொல்வார். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அண்ணி.

*

மார்ச் 2

நாத்தனாருக்கு,

ஜூனில் மாமியாரின் கண் எங்கே இருக்கும்? உன் மகளுக்குத் தேர்வு ஜூலையில் மறுபடி வரும். இந்தக் கண் மறுபடி வராது.

காலை நீ பிடிக்க வேண்டாம். அந்தக் காலில் பத்து மணி நேரம் ரயிலில் நின்று வந்தபோது பலகையைத் திருப்பினவள் நீ.

மார்ச் 20 வரை அவகாசம். அந்த ஒரு வரியை எழுதிக் கொடு. எப்போதிலிருந்து என்று கேட்டால் போன மாதம்தான் அண்ணன் வீட்டுக்குப் போனார் என்று நீ சொல், நானும் ஆமாம் போடுகிறேன். உனக்காக அந்தப் பொய்யைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் உன் விண்ணப்பத்தின் நகல் மருத்துவமனையின் தலைமை அதிகாரிக்குப் போகும். என்னிடம் நகலுக்குப் பஞ்சமில்லை.

மாமியாரிடம் இதைப் பற்றி நான் பேசவில்லை. மகள் தன் பெயரைக் களவாடினாள் என்று கேட்டால் கண்ணுக்கு முன்னால் நெஞ்சு போய்விடும்.

*

மார்ச் 24

அண்ணிக்கு,

20 என்று எழுதினீர்கள். உங்கள் புகார் 16ஆம் தேதி தபாலில் போடப்பட்டிருக்கிறது. உறையின் மேல் முத்திரை இருக்கிறது.

19ஆம் தேதி காலை பத்து மணிக்கு அந்த ஒரு வரியை எழுதி, பிரிவுத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி முத்திரை குத்தினார். "மாலைக்குள்ள பேரை மாத்திடலாம்மா"ன்னார். பதினொன்றரைக்குத் தபால்காரர் உங்கள் உறையைக் கொண்டுவந்தார்.

பைல் பூட்டப்பட்டுவிட்டது. விசாரணை முடியும்வரை அம்மாவின் பெயரை எந்த அட்டையிலும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று உத்தரவு. குறைந்தது நாலு மாதம் ஆகும். நான் பணியிடை நீக்கம். என் பெண்கள் இன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

முத்திரை விழுந்த என் மனுவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் நகலை நம்புகிறவராயிற்றே.

இன்னும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அம்மா இந்நேரம் அறுவைக்கு வந்திருப்பார்.

*

ஏப்ரல் 11

நாத்தனாருக்கு,

உன் மனுவின் நகலில் முத்திரையைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பொய்யாக இருக்கக் கூடாதா என்று பார்த்தேன். தேதி சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15ஆம் தேதி மாமியார் குளியலறையில் விழுந்தார். நான் கடையில் இருந்தேன். வந்து பார்த்தபோது வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். "லைட்ட போடுடி கடைக்காரி, இருட்டா இருக்கு"ன்னார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு எனக்கு எந்தத் தேதியும் ஞாபகம் இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாக உறையை ஒட்டினேன். ஒட்டும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டிலிலிருந்து குளியலறை வரை திரைச்சீலைக் கயிற்றைக் கட்டிவிட்டிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு போய் வருகிறார். உன் அண்ணன் போனில் வந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மூன்று நிமிஷம்தான் அவருக்குக் கிடைக்கும். அந்த மூன்று நிமிஷமும், "என் தங்கச்சிய மாட்டி விட்டுட்டியா? குடும்பத்துக்குள்ள முடிக்க வேண்டியதுதானே?" இதேதான். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க நேரமில்லை.

கண் டாக்டரிடம் போனோம். இனி அறுவை செய்தாலும் பயனில்லை என்றார். அசல் சீட்டில் வேறு எதுவும் எழுதாமல் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

மே 30ஆம் தேதி விசாரணைக்கு மாமியாரைக் கூட்டி வரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. எங்கே வசித்தார் என்று அவர் வாயால் சொல்ல வேண்டுமாம். கூட்டி வருகிறேன். உண்மை வெளியே வரட்டும். உனக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை.

*

ஜூன் 5

அண்ணி,

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் நீங்கள் பையோடு உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன். அந்தச் சுகத்தை எனக்கு விட்டுத்தர வேண்டும்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, மூணு வருஷமா நீங்க யாரோட இருந்தீங்க?" அம்மா குரல் வந்த பக்கம் திரும்பி, "என் மகளோடதான் சார். மருமக வீட்டுக்குச் சும்மா அப்பப்ப போவேன்"னார். "அப்ப இந்தப் புகார்?" "நாத்தனார் சண்டை சார். அவளுக்கு இவளக் கண்டா ஆகாது." அதிகாரி தான் எழுதியதை அம்மாவிடம் நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அம்மா காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போட்டார். நான்தான் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன்.

புகார் ஆதாரமற்றது என்று முடித்துவிட்டார்கள். அம்மா என்னோடுதான் இருக்கிறார் என்பதால் என் மனுவும் தள்ளுபடி. எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பதிவேட்டில் இருக்கிற வீட்டுக்கே அவரைக் கூட்டிப்போகச் சொன்னதால் பின்வாசல் வழியாக வந்துவிட்டோம். நீங்கள் மாலை வரை பெஞ்சில் இருந்ததாக காவலாளி சொன்னார்.

இன்னொன்று. மூன்று வருடம் முன்பு அந்தச் சம்மதக் கையெழுத்தை நான் போடவில்லை. அம்மாதான் போட்டார். உங்கள் கடையில், உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, உங்கள் பேனாவை வாங்கிப் போட்டார். "பேத்திங்களுக்கு ஒரு ரூம் கிடைக்கும்னா போட்டுட்டுப் போறேன், கடைக்காரிகிட்ட சொல்லாத"ன்னார். அப்புறம் நீங்களே அதை மெஷினில் வைத்து மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தீர்கள். காசு வேண்டாம் என்றீர்கள். கடைக்கு வருகிற காகிதத்தைத்தான் நீங்கள் படிப்பதில்லையே.

காதைக் காட்டிப் படம் எடுத்தீர்களே, அன்றைக்கும் அவருக்குத் தெரியும், அந்த விண்ணப்பம் எங்கே போய் நிற்கும் என்று. கண் இவ்வளவு சீக்கிரம் போகும் என்பது மட்டும்தான் தெரியாது.

*

ஆகஸ்ட் 18

அண்ணி,

இரண்டு மாதமாக நீங்கள் பதில் எழுதவில்லை. போன கடிதத்தை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பகலில் வீட்டில் ஆள் கிடையாது. வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். போன வாரம் கேஸ் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டார். பெண்களின் அறையில்தான் படுக்க வைத்திருக்கிறேன். அவர்கள் மறுபடியும் எங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். சின்னவள், "பாட்டி நம்மள பாக்காமலே பாக்குது, பயமா இருக்கு" என்கிறாள்.

கழிப்பறைக்கு வழி தெரிவதில்லை. சுவரைத் தடவிக்கொண்டே எதையோ தேடுகிறார். "கயிறு எங்க?"ன்னு கேட்கிறார். எந்தக் கயிறு என்று எனக்கு முதலில் புரியவில்லை. நான் சோறு ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. "கடைக்காரி வரட்டும்" என்கிறார். நீங்கள் கடையை மூடிவிட்டு வந்துகொண்டிருப்பதாக நினைக்கிறார்.

நான் அவரிடம் கோபப்பட்டேன். ஒருமுறை கை நீட்டிவிட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

உங்களிடம்தான் அவர் இருக்க முடியும். வந்து கூட்டிக்கொண்டு போங்கள். பதிவேட்டில் பெயர் இங்கேயே இருக்கட்டும், ஆள் மட்டும் அங்கே இருக்கட்டும். முன்பு இருந்த மாதிரியே.

*

செப்டம்பர் 3

பரிந்துரைப் பிரிவு எழுத்தருக்கு,

தங்களின் ஆகஸ்ட் 18ஆம் தேதிக் கடிதம் பரிசீலிக்கப்பட்டு, கீழ்க்கண்ட குறைகளுக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது.

தாயார் தங்களுடன் நிரந்தரமாக வசிப்பவர் என்று பதிவேடு கூறுகிறது. அவரும் அதிகாரி முன்பு தன் வாயால் அதை உறுதி செய்திருக்கிறார். இங்கே சும்மா அப்பப்ப வருகிறவருக்குக் கட்டில் ஒதுக்க விதியில் இடமில்லை. கடைக்காரி என்று அவர் அழைக்கும் நபர், மேற்படி தாயாரின் சார்ந்தோர் பட்டியலிலோ உறவினர் பட்டியலிலோ எங்கும் இல்லை. தங்கள் கடிதம் நீல மையில் உள்ளது.

நாத்தனாரே, இதை எழுதும்போது அழவில்லை என்று நினைத்துவிடாதே. இரண்டு மாதமாக அழுகிறேன். உன்மேல் இருக்கிற கோபம் ஆறிவிடும். அவர்மேல் இருப்பதுதான் ஆறவில்லை. மூன்று மாதம் நான் ஜன்னல் ஜன்னலாக நாயாக அலைந்தபோது எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, "இன்னிக்கு என்னடி சொன்னாங்க?"ன்னு கேட்டுக்கொண்டிருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு வழி தேடியிருப்பேன். கடையை விற்று மீதிக்குக் கடன் வாங்கியிருப்பேன். சத்தியமாக விற்றிருப்பேன். அதை அவரிடம் சொல். நான் வரமாட்டேன் என்பதையும் சொல். வாயைத் திறந்து உன் கையால் சாப்பிடச் சொல்.

16ஆம் தேதி ஒட்டிய உறையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதில் பாதியை உனக்குத் தரலாம் என்று பார்த்தேன், முழுதும் என்னோடதாகவே இருக்கிறது.

கயிற்றை அவிழ்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று முடிச்சு இருக்கும். முதல் முடிச்சில் நிலைப்படி, ரெண்டாவதில் வலது பக்கம் திரும்பணும், மூன்றாவதில் கழிப்பறைக் கதவு. உன் வீட்டு அளவுக்கு முடிச்சை மாற்றிப் போட்டுக்கொள். விரலுக்குப் பழக ஒரு வாரம் ஆகும். அதுவரை கையைப் பிடித்துக் கூட்டிப் போ. கை நீட்டாதே.

இதற்குமேல் எனக்கு எழுதாதே. எழுதினாலும் நகல் எடுக்காமல் திருப்பிவிடுவேன்.

உன்னிடமிருந்துதான் கழித்த காகிதத்தில் எழுதக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை நீ கேட்ட அசல் இதுதான். இனி இங்கே யாருக்கும் தேவையில்லை.

பின்பக்கம் பார்க்கவும்.

*

(பின்பக்கம்)

கண் மருத்துவ நிலையம். தேதி: ஜனவரி 6.

வலது கண்: பார்வை இல்லை.

இடது கண்: பார்வை உள்ளது. மூன்று மாதத்துக்குள் அறுவை செய்தால் காப்பாற்றலாம்.

உடன் வந்தவர்: மகள்.